முழு டிராக்டரும் ஒன்றரை ஆளும்

எங்கள் இல்லத்தில் எனக்கென்று ஓர் இருக்கை உண்டு. அது இல்லத்துக்குள் இல்லை. தோட்டத்தில், புல் வெட்டும் குட்டி டிராக்டரின் மேல் இருக்கிறது.

இல்லத்துக்குள் இருக்கும் இருக்கைகளின் வரலாறு வேறு. கூடத்து நாற்காலியில் அமர்ந்தால், "எந்திரிங்க, அடியில பெருக்கணும்" என்பாள் என் மனைவி. சமையலறை முக்காலியில் அமர்ந்தால், "எந்திரிங்க, அது மேல ஏறித்தான் டப்பா எடுக்கணும்." கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தால், "எந்திரிங்க, இப்பத்தான் விரிச்சேன்." இறைவன் மனிதனுக்கு முழங்காலை மடக்குவதற்கென்று படைத்தான். என் மனைவியோ அதை நிமிர்த்துவதற்கென்றே என்னை மணந்தாள்.

ஆகையால், பணி ஓய்வு பெற்று அந்தக் குட்டி டிராக்டரை வாங்கிய அன்றே, கைகூப்பிக் கண்மூடி ஒரு வரம் வேண்டினேன். 'பெருமானே! பொன் வேண்டேன், புகழ் வேண்டேன். இந்த ஓர் இருக்கையிலிருந்து மட்டும் என்னை எவரும் எழுப்பாதிருக்க அருள்வாய்.'

கண்ணைத் திறந்தேன். எதிரே மனைவி நின்றாள்.

"ஏங்க, நானும் ஒரு தரம் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"இது மெஷினும்மா."

"மிக்ஸி மட்டும் என்னவாம்? அதுவும் மெஷினுதான்."

"இதுல கியர் இருக்கு."

"அதுல மூணு ஸ்பீடு இருக்கு."

"இதைத் திருப்பத் தெரியணும்."

"கல்யாணமான நாள்லேருந்து உங்களையே திருப்பிக்கிட்டிருக்கேன். இது என்ன பெரிய விஷயம்?"

"உனக்குக் கால் எட்டாது."

இது அசைக்கவொண்ணாத உண்மை. நான் ஆறடிக்கு மேல் உயரம். சுற்றளவும் உயரத்துக்குக் குறை வைக்கவில்லை. அவளோ நிமிர்ந்து நின்றால் என் முழங்கைக்கு வருவாள். அவள் இருக்கையில் ஏறி அமர்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். பாதத்துக்கும் பெடலுக்கும் இடையே ஒரு சாண் வெற்றிடம் இருந்தது. இறங்கினாள். ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போனாள்.

அவள் பேசும்போது அஞ்சுவது என் வழக்கம். பேசாதபோதுதான் அஞ்ச வேண்டும் என்பதை அடியேன் அறியாமற் போனேன்.

இவ்வாறு என் அரியணையில் இனிதே வீற்றிருந்த நாளில்தான் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. நிறைய நிலம், அதை உழ உண்மையான டிராக்டர். அதன் பின்சக்கரமே என் தோள் உயரம் இருக்கும். அவன் இருக்கும் வட்டாரத்தில் ஆண்டுக்கொரு முறை உழவு இயந்திரக் கண்காட்சி நடக்கும். அதில் டிராக்டர்கள் வரிசையாக ஊர்வலம் போகும். அந்தக் கண்காட்சிக்கு அவனே செயலாளர். ஆகவே எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மதிப்பெண் போடும் நோய் அவனுக்கு உண்டு.

நான் புல் வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான். சிரித்தான். நிறுத்தினான். மீண்டும் கண்டான். மீண்டும் சிரித்தான்.

"அத்தான், இதுக்குப் பேரு என்ன?"

"டிராக்டர்."

"மெதுவாச் சொல்லுங்க. என் டிராக்டர் காதுல விழுந்தா உழ மாட்டேன்னு படுத்துக்கும்."

"அடக்கமா இருக்கு. அதனால உனக்குத் தெரியல."

"அடக்கமா இருக்கறது வண்டி. அடங்காம இருக்கறது நீங்க."

மனைவி சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணவனுக்காகப் பரிந்து வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தாள். தம்பிக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

எனக்குச் சினம் பொங்கியது. சினம் பாவம் என்று நாள்தோறும் பாடுபவன்தான். ஆனால் பாடும்போது மச்சான் எதிரில் இருப்பதில்லை.

"வர்ற கண்காட்சியில இதே வண்டியை உன் ஊர்வலத்துல ஓட்டறேன்டா!"

"அதுல முழு டிராக்டருக்குத்தான் இடம் அத்தான்."

"முழு டிராக்டராக்கிக் காட்டறேன்."

"ஆளோட சேத்துப் பாக்கறப்போ முழு டிராக்டர் மாதிரி தெரிஞ்சா, வரிசையில முதல் இடமே உங்களுக்குத்தான். தெரியலேன்னா குழந்தைங்க ராட்டினத்துக்குப் பக்கத்துல நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம்!"

"அக்கா, நீ சாட்சி."

"நல்லாக் கேட்டுக்கிட்டேன்" என்றாள் அவள். 'ஆளோட சேத்து' என்ற சொல்லை அவள் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாள் என்பது பின்னால்தான் விளங்கியது.

மறுநாளே திருப்பணி தொடங்கியது. கடைத்தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் வெல்டரை அழைத்தேன். ஊரார் அவரைத் தீப்பொறி என்று அழைப்பார்கள். பொறி அவர் வேலையில் பறப்பதைவிடப் பேச்சில் அதிகம் பறக்கும். "பண்ணிடலாம் சார், இதை டிராக்டர் என்ன, கப்பலாவே ஆக்கிடலாம்" என்றார். டிராக்டரோடு நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

முதலில் பானெட் என்னும் முன்மூடி. குட்டி டிராக்டரின் முகம் அப்பாவியின் முகம். அதைக் கழற்றிவிட்டு, தகரத்தை வளைத்து நீண்ட, சதுரமான, கண்டிப்பான ஒரு முகம் வைத்தோம். அதன்முன் கம்பி வலை. இருபுறமும் வட்ட விளக்குகள். மேலே நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய். பின்னால் ஆழமான பள்ளங்கள் வெட்டிய டயர்கள். அவற்றின்மேல் யானைச் செவிபோல் விரிந்த மட்கார்டுகள். எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு சிவப்பு வண்ணம். காலையில் அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

மனைவி எதிர்க்கவில்லை. இதுவே முதல் அதிசயம். வெற்றிலைப் பெட்டி அளவு ஒரு பொருள் வாங்கினாலும் விசாரணைக் குழு அமைப்பவள், இப்போது தானே தூரிகை பிடித்தாள். யோசனையும் சொன்னாள்.

"ஏங்க, இன்னும் என்னவோ குறையுதே."

"என்ன குறையுது? சொல்லு!"

"பானெட்டு உசரமாத் தெரியல. சீட்டைக் கொஞ்சம் எறக்கினா, பானெட்டு தானா ஏறின மாதிரி இருக்கும்."

எத்தகைய நுண்ணறிவு! உடனே இறக்கச் சொன்னேன்.

"வண்டி நீளமும் பத்தல. சீட்டை முன்னால தள்ளினா பின்பக்கம் எடுப்பா இருக்கும்."

தள்ளினோம்.

"ஸ்டியரிங்கைச் சின்னதா மாத்துங்க. மத்ததெல்லாம் பெருசாத் தெரியும்."

மாற்றினோம். உள்ளம் குளிர்ந்து அவளுக்கு ஒரு தத்துவமே உபதேசித்தேன்.

"பாரும்மா, இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு பொருள் பெருசாத் தெரியணும்னா அதைப் பெருசாக்க வேண்டியதில்லை. சுத்தி இருக்கறதை எல்லாம் சின்னதாக்கினாப் போதும்."

"அப்படியா?" என்று விழி விரித்தாள். "நீங்க சொன்னாத்தான் இதெல்லாம் எனக்குப் புரியுது."

இதைக் கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின! அன்றே வண்டியைச் சுற்றியிருந்த பெரிய பூந்தொட்டிகளை அகற்றிச் சிறிய தொட்டிகள் வைத்தேன். ஏணியை அப்புறப்படுத்தினேன். பெரிய தண்ணீர்க் குடத்துக்குப் பதில் பொம்மைபோல் ஒரு பூவாளி. தொலைவில் நின்று பார்த்தேன். சத்தியமாக, அது டிராக்டர்! கண்ணீர் வந்தது.

தோட்டத்தில் பெரிதாயிருந்த எல்லாவற்றையும் அகற்றினேன். ஒன்றே ஒன்றைத் தவிர. அது அப்போது தொலைவில் நின்று கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது.

இருக்கையில் அமர்ந்தபோது சற்றுச் சங்கடம் தோன்றத்தான் செய்தது. முழங்கால்கள் இரண்டும் காதுகளிடம் இரகசியம் பேச வந்தன. ஸ்டியரிங் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையே எங்கோ மறைந்துவிட்டது. தீப்பொறியிடம் முறையிட்டேன்.

"சீட்டு ரொம்பத் தாழ்ந்து போச்சேப்பா."

"அக்கா குடுத்த அளவுதான் சார்."

"அவ எதை வெச்சு அளவு எடுத்தா?"

"உக்காந்துதான் எடுத்தாங்க."

கடமையில் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்தேன். அழகுக்காகச் சற்று வலியைப் பொறுப்பதும் தவம்தானே.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர் குடியிருக்கிறார். ஒருநாள் சுவருக்கு மேலே அவர் தலை எழுந்தது. நான் வண்டிமேல் இருந்தேன்.

"வண்டி பிரமாதம் சார்" என்றார். "ஆனா, தப்பா நெனச்சுக்கலேன்னா ஒண்ணு சொல்றேன். நீங்க அதுல உக்காந்திருக்கறப்போ..."

"டாக்டர்!" மனைவியின் குரல் கொல்லைப்புறத்திலிருந்து அம்புபோல் வந்தது. "உங்க வீட்டுல பால் பொங்குற வாசனை வருது!"

தலை மறைந்தது. மறுமுறை அவர் வாய் திறந்தபோது குழாயை மூடவில்லை என்றாள். அதற்கு மறுமுறை வாசல் மணி அடிப்பதாகச் சொன்னாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கும் மனிதரை வாயே திறக்கவிடாமல் செய்துவிட்டாள். அவர் வீட்டின்மீது இவளுக்கு எவ்வளவு பரிவு என்றுதான் நினைத்தேன்.

இந்நாட்களில் வேறு சில அற்புதங்களும் நிகழ்ந்தன. காலையில் நீராடி, பூசை அறையில் அமர்ந்து, பதிகங்களைக் கண்மூடிப் பாராயணம் செய்வது அடியேன் வழக்கம். உரக்கப் பாடுவேன். அப்போதெல்லாம் வெளியே ஏதோ இரைச்சல் கேட்கும். பல் டாக்டரிடம் பெரிய பல் ஒன்று வந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். பாராயணம் முடிந்து வெளியே வந்தால், நான் வெட்டாமலே தோட்டத்துப் புல் சீராகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் வண்ணம் பூசவே எனக்கு நேரம் போதவில்லை. புல்லை நான் தொடவேயில்லை. தொடாத புல் வளராதிருக்கிறதென்றால் அது திருவருள் அன்றி வேறென்ன? இன்னும் இரண்டு பதிகம் கூட்டிப் பாடினேன். புல் இன்னும் குறைந்தது.

நிறுத்திய இடத்திலிருந்து வண்டியும் சற்று நகர்ந்திருக்கும். தரை சரிவு போலும் என்று சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தேன்.

கண்காட்சி நாள் வந்தது. சிறு லாரியில் வண்டியை ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுசென்றோம். எனக்கு வெள்ளைச் சட்டை. மனைவியின் தோளில் பெரிய பை. "உள்ள என்னம்மா?" என்றேன். "வெயிலுக்கு வேண்டியது" என்றாள். என் பணப்பையையும் பாதுகாப்புக்கென்று அதற்குள் போட்டுக்கொண்டாள்.

மைதானத்தின் நடுவே உண்மை டிராக்டர்கள் வரிசையாக நின்று புகைந்தன. இருக்கையில் ஏறினேன். முழங்கால்களைக் காதுகளுக்கு அருகே வைத்தேன். ஸ்டியரிங்கைத் தேடிப் பிடித்தேன். கம்பீரமாக முன்னே செலுத்தினேன்.

கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. "அம்மா! அந்தத் தாத்தா யாரோ பாப்பாவோட வண்டியைப் பிடுங்கிட்டு ஓடுறாரு!"

மைதானம் சிரித்தது. நின்ற டிராக்டர்கள்கூடக் குலுங்கியதாக எனக்குத் தோன்றியது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மச்சான் ஓடி வந்தான்.

"அத்தான், திருப்புங்க. ராட்டினம் அந்தப் பக்கம்."

"டேய், பானெட்டைப் பாருடா! புகைக்குழாயைப் பாரு! விளக்கைப் பாரு!"

"எங்கே அத்தான் பாக்கறது? உங்களைத் தாண்டி ஒண்ணும் தெரியலையே! கரடி சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கு."

என் நெஞ்சு உடைந்தது. இத்தனை வண்ணம், இத்தனை தகரம், இத்தனை தவம்! எல்லாம் ராட்டினத்தின் காலடிக்கா? அப்போது, எவ்வித அவசரமும் இன்றி, மனைவி முன்னே வந்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம் இரு. ஏங்க, எந்திரிங்க."

"எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க? பெருசாத் தெரியணும்னா சுத்தி இருக்கறதைச் சின்னதாக்கணும்னு. தொட்டியை மாத்தினீங்க, குடத்தை மாத்தினீங்க. மேல உக்காந்திருக்கறதை மாத்தலையே?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். பால் பொங்குவதாகச் சொல்லி என்னைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை.

என்னை வெளியே எடுக்க இரண்டு உழவர்கள் தேவைப்பட்டார்கள். மனைவி பையைத் திறந்தாள். வைக்கோல் தொப்பி வந்தது. கையுறை வந்தது. ஏறி அமர்ந்தாள். பாதம் பெடலைத் தொட்டது. ஒரு சாண் வெற்றிடத்தை நானே கூலி கொடுத்து அடைத்திருந்தேன்! இருக்கை, ஸ்டியரிங், எல்லாம் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தின. அந்தச் சிறிய உருவத்தின் முன்னே முன்மூடி நீண்டது. புகைக்குழாய் வானளாவியது. மட்கார்டுகள் மலையாயின.

மைதானம் அடங்கியது. பிறகு யாரோ, "யப்பா, யாரு டிராக்டரு அது?" என்றார்கள்.

"அக்கா!" என்று மச்சான் கத்தினான். "முழு டிராக்டர்தான்க்கா! வரிசையில முதல் இடம் உனக்குத்தான்!"

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அவளுக்கு ஓட்டவே தெரியாதுடா!"

அவள் வண்டியைக் கிளப்பினாள். பின்னால் எடுத்தாள். ஒடித்துத் திருப்பினாள். இரண்டு பெரிய டிராக்டர்களுக்கு நடுவே பூ வைப்பதுபோல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எப்போ கத்துக்கிட்டே?" என்றேன்.

"நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பாடறப்போ."

"அப்போ அந்த இரைச்சல்?"

"நான்தான்."

"அந்தப் புல்லு?"

"நான்தான். நீங்க ரெண்டு பாட்டு கூட்டினதால பின்பக்கமும் வெட்ட முடிஞ்சுது."

"சரிவு?"

"சரிவெல்லாம் இல்லீங்க. நீங்க வெச்ச கல்லைத் தெனம் நகத்தித்தான் எனக்கு இடுப்பு போச்சு."

இத்தனை நாளும் திருவருள் என்று நான் உருகி உருகித் தொழுதது என் மனைவியை!

இருக்கை போனது. போகட்டும். இது என் வண்டி என்பதை யாரும் மறுக்க முடியாதல்லவா? மட்கார்டின்மேல் உரிமையோடு கைவைத்து, பக்கத்தில் நடந்து வரத் தயாரானேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "அத்தான், தயவுசெஞ்சு பக்கத்துல நிக்காதீங்க. நீங்க நின்னா வண்டி குட்டியாயிடுது."

பின்னால் போனேன். "அங்கேயும் வேணாம். புகைக்குழாய்க்கு மேல உங்க தலை தெரியுது."

குனிந்தேன். "குனிஞ்சாலும் வண்டியைவிட அகலமா இருக்கீங்க அத்தான்."

மனைவி தொப்பியைச் சரிசெய்துகொண்டே திரும்பினாள். அவள் குரலில் பரிவு வழிந்தது. "ஏங்க, கொஞ்சம் தள்ளிப் போங்களேன். தூரத்துல நின்னா நீங்களும் சின்னதாத் தெரிவீங்க."

மரத்தடிவரை சென்றேன். புகைப்படக்காரர் கையை ஆட்டினார். இன்னும் தள்ளி. பொரி விற்கும் வண்டிவரை சென்றேன். இன்னும். வேலிவரை சென்றேன். இன்னும். ஒவ்வொரு கையசைப்புக்கும் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, முதுகில் ஏதோ இடித்துத் திரும்பிப் பார்த்தால், நான் வாயிலுக்கு வெளியே நின்றேன்.

உள்ளே ஊர்வலம் புறப்பட்டது. "முதலாவதாக வருவது எங்கள் அக்காவின் டிராக்டர்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. கைத்தட்டல் விண்ணை முட்டியது. அதையாவது கண்ணாரக் காணலாம் என்று வாயிலை நோக்கி ஓடினேன். காவலாளி குறுக்கே கை நீட்டினார்.

"டிக்கெட்?"

"ஐயா, நான் உள்ள இருந்தவன். பணப்பை அவ பையில இருக்கு. அதோ, முதல்ல வருதே, அது என் டிராக்டர்! ஓட்டறது என் பெண்டாட்டி!"

காவலாளி எட்டிப் பார்த்தார். தொலைவில் அது மலைபோல் வந்துகொண்டிருந்தது. பிறகு என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்தார்.

"அவ்ளோ பெரிய டிராக்டர் வெச்சிருக்கீங்க, ஒரு டிக்கெட் எடுக்கக் கூடாதா சார்?"